கண்ணாடிக்காரி

அத்தியாயம் பதினொன்று

வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் துணி போட்டு மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது.

உள்ளே யாரோ ஒருத்தி வந்து குடியேறிவிட்டாள் என்று அம்மா பயந்தாள். பல் தேய்க்கப் போனால் அவளும் பல் தேய்க்கிறாளாம். முறைத்தால் முறைக்கிறாளாம். போடி என்றால் போகமாட்டேன் என்கிறாளாம். 'கண்ணாடிக்காரி' என்று அம்மாவே பெயரும் வைத்துவிட்டாள். மகள்கள் இரண்டு பேரும் சேர்ந்து குளியலறைக் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, வாசலருகே செருப்பு மாட்டும்போது பார்த்துக்கொள்கிற சின்னக் கண்ணாடி எல்லாவற்றையும் பழைய படுக்கை விரிப்புகளால் மூடினார்கள். அன்றிலிருந்து பெரியவள் தலை வாரிக்கொள்வது கைத்தடவலில்தான்.

வகிடு கோணலாக இருப்பதை ஆய்வுக்கூடத்தில் ஜூனியர் பெண்தான் சொன்னாள்.

"மேடம், ரோடு போட்டவங்க பாதியில வளைச்சுட்டாங்க போல."

பெரியவள் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதும், அதற்குச் சற்று நேரம் கழித்து இன்னொரு முறையும்தான். அந்த இரண்டாவது சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் நாள் முழுக்கக் கூசிப்போனாள்.

அல்சைமர் நோயில் மூளைக்குள் ஏற்படும் அழற்சிதான் அவளுடைய ஆராய்ச்சி. மூளைக்கென்று காவல் செல்கள் இருக்கின்றன. குப்பையை அள்ளுவதும், கிருமி வந்தால் எதிர்த்து நிற்பதும் அவற்றின் வேலை. ஏதோ ஒரு கட்டத்தில் அவை மிரண்டுபோகின்றன. மிரண்ட காவல்காரனுக்குத் திருடன் யார், வீட்டுக்காரன் யார் என்று தெரிவதில்லை. கையில் கிடைத்ததை அடித்து நொறுக்குகிறான். அந்தக் கலவரம் மறதி வந்தபிறகு தொடங்குகிறதா, மறதிக்கு முன்பே தொடங்கிவிடுகிறதா? முன்பே என்பது பெரியவளின் கட்சி. கூட்டங்களில் அவள் எழுந்து அதைச் சொல்லும்போதெல்லாம், "ஆதாரம் எங்கே?" என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

அழற்சி இருக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிற மருந்தை ஊசியில் ஏற்றி எடுத்த ஸ்கேன் படங்கள் அன்று வந்திருந்தன. நோயாளிகள் ஒரு குழு. ஒப்பிட்டுப் பார்க்க, ஆரோக்கியமானவர்கள் ஒரு குழு. யாருக்கும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

ஆரோக்கியமானவர்களின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நீலம். நீலம். சாதுவான, தூங்குகிற நீலம்.

அடுத்த படத்தில் கை நின்றது.

நினைவுகள் சேர்கிற இடத்தைச் சுற்றி மஞ்சள். அதன் நடுவே சிவப்பு. அடுப்பில் ஊதிவிட்ட கங்கு மாதிரி.

"இங்க வா, இங்க வா! இதைப் பாரு!"

ஜூனியர் ஓடி வந்தாள். "மேடம், இது நோயாளிங்க படம்தானே?"

"இல்ல. ஆரோக்கியமானவங்க குழு. ஞாபகசக்தித் தேர்வுல பிரமாதமா பாஸ் பண்ணின ஆள். ஒரு மறதியும் கிடையாது. ஆனா உள்ளே பாரு, எப்படி எரியுதுன்னு!"

பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். நாற்காலியில் ஒரு சுற்றுக்கூடச் சுற்றினாள். எத்தனை வருஷமாகத் தேடியது! இனி யார் கேட்பார் ஆதாரம் எங்கே என்று?

"மேடம், ட்ரீட்!"

"கண்டிப்பா. முதல்ல எலும்புப் படத்தையும் சேர்த்துப் போடு. இடம் சரியா பொருந்துதான்னு பார்த்துடலாம்."

ஜூனியர் பொத்தானை அழுத்தினாள். வண்ணங்களைச் சுற்றி மண்டையோடு வெள்ளைக் கோடாக வந்து நின்றது.

இடது காதுக்கு மேலே அந்த எலும்பில் ஒரு பள்ளம்.

சின்னப் பள்ளம்தான். வேறு யாராவது பார்த்திருந்தால் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். பெரியவள் அதைக் கண்ணால் அடையாளம் காணவில்லை. அவளுடைய ஆள்காட்டி விரல்தான் கண்டுகொண்டது. பள்ளிக்கூட நாட்களில் தினமும் காலையில் தங்கைக்குத் தலை பின்னிவிடும்போது அந்த விரல் வந்து இறங்குகிற இடம் அது. மதில்மேல் நடந்து காட்டுகிறேன் என்று ஏறி, விழுந்து, சின்னவள் மண்டையில் வாங்கிக்கொண்ட இடம்.

"மேடம்? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ போய் உன் வேலையைப் பாரு."

திரையில் கங்கு எரிந்துகொண்டே இருந்தது.

•

போன மாதம் ஆரோக்கியமானவர்கள் கிடைக்காமல் பெரியவள் அல்லாடியபோது, "என்னைப் போட்டுக்கோயேன்" என்று தானாக வந்தவள் சின்னவள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். "என் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். காத்துதான். சும்மா படம் பிடிச்சுக்கோ."

ஊசி போடுவதற்கு முன்னால் மட்டும் அவள் முகம் மாறியது. "ஒரே ஒரு கண்டிஷன்க்கா. என்ன தெரிஞ்சாலும் என்கிட்ட சொல்லாதே. அம்மா மாதிரி ஆகப்போறேன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு நடமாட எனக்குத் தைரியம் இல்ல."

"சொல்லமாட்டேன்."

"உன் வேலை மேல சத்தியம்?"

"சத்தியம்."

இப்போது பெரியவள் துறைத் தலைவரின் அறை வாசலில் நின்றாள். எண்ணைச் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஆரோக்கியமானவங்க குழுவுல ஒருத்தருக்கு இப்படித் தெரிஞ்சா, சொல்லணுமா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னன்னு சொல்லுவீங்க? அழற்சி இருந்தா நோய் வரும்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா? போன வாரம் வந்துபோன காய்ச்சலாகூட இருக்கலாம். அந்த செல்கள் மூளையைக் காப்பாத்திக்கிட்டுக்கூட இருக்கலாம். இது ஆராய்ச்சிப் படம், வைத்தியப் படம் இல்ல. தெரியாத ஒண்ணைச் சொல்லி ஒரு மனுஷனோட தூக்கத்தைக் கெடுக்காதீங்க."

நியாயம்தான். அவளே மற்றவர்களுக்கு இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆனால் அந்த நபர் தினமும் காலையிலும் சாயங்காலமும் ஒரு பேருந்து நிறையக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறார் என்பது தலைவருக்குத் தெரியாது.

மதியம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

•

காலை ட்ரிப்புக்கும் சாயங்கால ட்ரிப்புக்கும் நடுவில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது சின்னவள். பெரியவள் கதவைத் திறந்தபோது, அம்மாவின் கால்நகங்களை மடியில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இந்த நேரத்துல? வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"தலைவலி."

"மூளை டாக்டருக்கே தலைவலியா? கடைக்காரர் கடையிலயே சரக்கு இல்லையா?"

அம்மா தலையைத் தூக்கிப் பெரியவளைப் பார்த்தாள். "வாங்க, உக்காருங்க. பெரிசு வர்ற நேரம்தான். வந்ததும் பேசலாம்."

"நான்தாம்மா பெரிசு."

"அப்படியா? ரொம்ப இளைச்சுட்டீங்க."

சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். பெரியவளால் சிரிக்க முடியவில்லை. தங்கையின் கைகளையே பார்த்தாள். நகவெட்டியை எங்கிருந்து எடுத்தாள், எங்கே வைக்கிறாள்? எழுந்து போனவள் சமையலறை வாசலில் ஏன் ஒரு கணம் நின்றாள்? எதை எடுக்க வந்தோம் என்று யோசித்தாளா? இல்லை, வெறுமனே நின்றாளா?

"வாலு," பெரியவள் தங்கையைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "நேத்து மழை எப்ப பெய்ஞ்சுது?"

"நேத்து மழையா? முந்தாநாள்தானே பெய்ஞ்சுது."

சரியான பதில். பெரியவளுக்கு மூச்சு வந்தது. உடனே தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

"நம்ம பழைய வீட்டு வீட்டுக்காரர் பேரு என்னடி?"

சின்னவள் நிமிர்ந்தாள். "எதுக்கு?"

"சும்மாதான்."

"மொட்டைத்தலை. எப்பவும் தொண்டையைச் செருமிக்கிட்டே வருவார். பேரு..." அவள் உதட்டைக் கடித்தாள். "நாக்கு நுனியில இருக்கு. உனக்குத் தெரியுமா?"

பெரியவளுக்கும் தெரியவில்லை. ஆனால் தனக்குத் தெரியாததைப் பற்றி அவளுக்குக் கவலை வரவில்லை.

"சாயங்கால ட்ரிப்புக்கு நானும் வர்றேன்" என்றாள்.

"தலைவலின்னு சொன்ன? பஸ்ல ஏறினா பசங்க சத்தத்துல மண்டையே பிளந்துடும்."

"காத்து வாங்கலாம்னுதான்."

சின்னவள் அக்காவையே பார்த்தாள். பிறகு எதிர்வீட்டு டீச்சரை அம்மாவுக்குத் துணையாக உட்காரச் சொல்லக் கிளம்பினாள்.

•

பேருந்து நகர்ந்தது. பெரியவள் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்தாள். முன்னால் இருந்த நீளக் கண்ணாடியில் தங்கையின் முகம் தெரிந்தது. வீட்டிலில்லாத முகம். நிதானமான, கண்டிப்பான முகம்.

"பின்னாடி நிக்கிறது யாரு? உக்காரு. ஜன்னலுக்கு வெளியே கை போனா, கையை இங்கயே கழற்றி வெச்சுட்டுப் போகணும்."

"சரி ட்ரைவரக்கா!"

ஒவ்வொரு திருப்பத்திலும் பெரியவளின் வலது கால் தானாக பிரேக்கை அழுத்தியது, இல்லாத பிரேக்கை. சிக்னலில் சின்னவள் சரியாக நின்றாள். நாய் குறுக்கே வந்தபோது அலட்டாமல் வேகத்தைக் குறைத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டிப்போக வந்திருந்த பெரியவர்களிடம் ஒரு வார்த்தை பேசினாள். எந்தக் குழந்தைக்கு ஜலதோஷம், யார் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போகிறவன், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

பெரியவளின் தோள் மெல்லத் தளர்ந்தது. காய்ச்சலாக இருக்கும். தலைவர் சொன்னதுதான்.

மருந்துக்கடையைத் தாண்டியதும் பேருந்து ஓரங்கட்டி நின்றது. கதவு புஸ்ஸென்று திறந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. நடைபாதையிலும் யாரும் காத்திருக்கவில்லை. சின்னவள் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். காத்திருந்தாள். குழந்தைகளின் சத்தம்கூட ஒரு கணம் அடங்கிப்போயிற்று.

"ட்ரைவரக்கா," நடு வரிசையிலிருந்து ஒரு பெண் குழந்தை கூப்பிட்டாள். "இந்த ஸ்டாப்ல யாரும் இல்லையே. அவங்கதான் வீடு மாத்திட்டுப் போயிட்டாங்களே."

"அட, ஆமால்ல!" சின்னவள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "பழக்கதோஷம். வண்டியே தானா நின்னுடுச்சு."

குழந்தைகள் சிரித்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

யாருக்கும் வரக்கூடிய மறதி. தினமும் நின்ற இடத்தில் கால் தானாக நிற்காதா? பெரியவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தபோது, நீளக் கண்ணாடியில் தங்கையின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

•

கடைசிக் குழந்தையும் இறங்கிய பிறகு, பள்ளிக்குப் பின்னாலிருந்த நிறுத்துமிடத்தில் சின்னவள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இன்ஜின் நின்றதும் வந்த அமைதி காதை அடைத்தது.

திரும்பாமலே பேசினாள்.

"பாத்துட்ட, இல்ல?"

"எதை?"

"நடிக்காதேக்கா. உனக்கு வராது. மதியத்துலேர்ந்து என்னை அம்மாவைப் பாக்குற மாதிரி பாக்குற."

பெரியவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லாதேன்னு சொன்னேன்ல." சின்னவளின் குரல் உடைந்தது. "வீட்டுல இருக்கிற எல்லாக் கண்ணாடியையும் மூடினோம். உன் மூஞ்சியை மூட மறந்துட்டோம் பாரு."

"நான் ஒரு வார்த்தைகூட..."

"வார்த்தை எதுக்கு? நேத்து மழை எப்ப பெய்ஞ்சுதுன்னு கேக்குறியே! அம்மாவுக்கு முதல்ல அந்த டாக்டர் இதே மாதிரிதானே கேட்டாரு? நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்?"

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பெரியவள் எழுந்து போய் அந்தத் தலைமேல் கை வைத்தாள். விரல் தன் பழைய இடத்தைத் தேடிப் போய் இறங்கியது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"கேளு வாலு. நோய்னு யாராலயும் சொல்ல முடியாது. அழற்சி இருக்கு, அவ்வளவுதான். வராமலே போகலாம். எத்தனையோ வருஷம் கழிச்சு வரலாம். எங்களுக்கே தெரியாது."

"நான் ஒண்ணு கேப்பேன். உண்மையைச் சொல்லு. நாளைக்கு நான் வண்டி ஓட்டலாமா?"

"தெரியலடி."

"இது ஒரு பதிலா? இத்தனை வருஷம் படிச்சுட்டு, தெரியலையா?"

"தெரியல."

"சரி. உனக்கு ஒரு குழந்தை இருந்து, அது இந்த பஸ்ல வருதுன்னு வெச்சுக்கோ. அனுப்புவியா?"

பெரியவள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்தான் பதில்.

சின்னவள் முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். ஃபோனை எடுத்துப் பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளரைக் கூப்பிட்டாள். குரல் வழக்கம்போலத் துடுக்காக வந்தது.

"சார், நாளையிலிருந்து கொஞ்ச நாளைக்கு என் ரூட்டுக்கு வேற ஆளைப் போடுங்க... இல்ல சார், காய்ச்சல் எல்லாம் இல்ல. தலையில ஒரு டெஸ்ட் எடுக்கணும்... அட, எனக்கும் தலை இருக்கு சார்! சாவியை வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போறேன். வர்றவர்கிட்ட சொல்லுங்க, மூணாவது வரிசைப் பாப்பாவுக்கு வளைவுல வாந்தி வரும், மெதுவா திருப்பணும்."

ஃபோனை வைத்தாள். சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்க்கா" என்றாள்.

ஆய்வுக்கூடத்து நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிச் சிரித்ததை அப்போதே சொல்லிவிடலாமா என்று பெரியவளுக்குத் தோன்றியது. அதற்குள் சின்னவள் சாவியோடு இறங்கிவிட்டாள்.

•

வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் இறங்கியிருந்தது. எதிர்வீட்டு டீச்சர் விடைபெற்றுக்கொண்டு போனாள். அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பெரியவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். பின்னால் வந்த சின்னவளைப் பார்த்ததும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அழுது சிவந்த கண். காற்றில் கலைந்த முடி. மேற்கு ஜன்னலின் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, சின்னவளின் கன்னத்தில் இல்லாத சுருக்கங்களைக்கூட வரைந்திருந்தது. அம்மா எப்போதோ இப்படித்தான் இருந்தாள். பெரியவளுக்கே ஒரு கணம் திக்கென்றது.

"இவளா?" அம்மாவின் குரல் நடுங்கியது. "இவ எப்படி வெளியே வந்தா?"

"யாரும்மா?"

"கண்ணாடிக்காரி! துணி போட்டு மூடினோமே. வெளியே வந்துட்டாளே!"

பெரியவள் முன்னால் பாய்ந்தாள். "அம்மா, இது நம்ம வாலும்மா. உன் சின்னப் பொண்ணு..."

சின்னவள் அவளைக் கையால் தடுத்தாள். மெதுவாக நடந்து போய் அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமா, வந்துட்டேன்" என்றாள். "உள்ளே ரொம்ப போரடிச்சுது. பேச்சுத் துணைக்கு ஆளே இல்ல. உங்களைப் பாத்தா நல்லவங்களா தெரிஞ்சுது, அதான் வந்துட்டேன். இங்கேயே இருக்கட்டுமா?"

அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கையை நீட்டி, அந்தக் கன்னத்தைத் தொட்டாள். இத்தனை நாள் கண்ணாடியின் குளிர்ச்சியையே தொட்டிருந்த விரல், சூடு பட்டதும் ஆச்சரியப்பட்டது.

"பாவம், அழுதியா?"

"கொஞ்சம்."

"இரு. இங்கேயே இரு." அம்மா அவள் தலையைத் தடவினாள். பிறகு ஏதோ நினைவு வந்தவள்போல் மூடிக் கிடந்த அலமாரிக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். "நீ வெளியே வந்துட்டா, அங்க யாரு இருப்பா?"

"யாரும் இல்ல. காலி."

"காலியா இருக்காது." அம்மாவின் பார்வை கூடத்தைச் சுற்றி வந்து, பெரியவளிடம் நின்றது. "அடுத்தது நீங்களா?"

கேலியும் இல்லை, கோபமும் இல்லை. வரிசையில் நிற்பவரிடம் விசாரிப்பதுபோல் கேட்டாள்.

 பெரியவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. பின்னாலேயே சின்னவள் வந்து குழாயை மூடினாள்.

"அக்கா, உன் படம் எப்படி இருந்துச்சு?"

"எந்தப் படம்?"

"உன் ஸ்கேன். நீயும் இந்த அம்மாவுக்குப் பிறந்தவதானே?"

"ஆராய்ச்சி பண்றவங்களைக் குழுவுல சேர்க்கிற வழக்கம் இல்ல."

"வழக்கம் இல்லையா, பயமா?"

 எத்தனையோ பேரைப் பெரியவள் அந்த இயந்திரத்துக்குள் படுக்க வைத்திருக்கிறாள். "ஒண்ணும் ஆகாது, கண்ணை மூடிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் படுக்கை எத்தனை குளிர்ச்சி என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"நாளைக்கு எனக்கு வேலை இல்ல" என்றாள் சின்னவள். "நான் கூட வர்றேன். வெளியில உக்காந்திருப்பேன். என்ன தெரிஞ்சாலும் ரெண்டு பேருக்கும் சேர்த்தே தெரியட்டும். நீ மட்டும் என்னைப் பாத்துக்கிட்டே இருக்கிறது எனக்குத் தாங்காதுக்கா."

பெரியவள் ஃபோனை எடுத்தாள். ஸ்கேன் எடுக்கிறவர் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். வேலையை முடித்துக் கிளம்புகிற உற்சாகம் அவர் குரலில் இருந்தது.

"சொல்லுங்க மேடம்! புது ஆள் கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு. நாளைக்கு ஒரு இடம் வேணும். எனக்குத்தான்."

"உங்களுக்கா?"  பிறகு விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "சரி மேடம், காலையில முதல் ஆளா போட்டுடறேன். வெறும் வயித்துல வந்துடுங்க. ஒரே ஒரு விஷயம், இது நிரப்பலைன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. உங்களை எந்தக் குழுவுல போடட்டும்? ஆரோக்கியமானவங்களா, நோயாளிங்களா?"

பெரியவள் வாயைத் திறந்தாள்.

கூடத்தில் அம்மா யாரிடமோ மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் யாரும் இல்லை.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"